திதியும் தேதியும்

இவ்வாண்டு ரதசப்தமியும் குடியரசு தினமும் அடுத்தடுத்த நாட்களில் வந்து வாய்த்தன. ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு, வழியிலுள்ள ஊர்தோறும் நின்று கற்பூரமும் தேங்காயும் ஏற்றுக்கொண்டு வந்த அண்ணாமலையார், கலசப்பாக்கத்துச் செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டருளினார். மறுநாட் காலையில், ஆற்றங்கரைப் பந்தலைப் பிரிப்பதற்கு ஆள் வந்துசேராத அந்த வேளையில், ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களிலும் காரியாலயங்களிலும் மூவர்ணக் கொடி விரிந்தது. குடியரசு தினத்தையொட்டி ஏதேனும் எழுதியாக வேண்டுமென்பது பத்திராதிபர் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டவனுக்கு நேர்ந்துவிட்ட சம்பிரதாயம். பெரும்பாலான வருஷங்களில் அதனை நான் சலிப்போடுதான் நிறைவேற்றியிருக்கிறேன். இம்முறை சலிப்பு வரவில்லை. ஒன்று திதியைப் பார்த்து வருவது, மற்றொன்று தேதியைப் பார்த்து வருவது. ஒன்றையொன்று அறியாத இந்த இரண்டு விருந்தாளிகளும் ஒரே திண்ணையில் அருகருகே அமர்ந்திருந்தது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

இது 77 ஆவது குடியரசு தினமென்று பத்திரிகைகள் எழுதின. நிறைந்தவை 76 ஆண்டுகளே. முதல் நாளையும் ஒரு விழாவாக எண்ணுவதால் வரும் இந்த ஒரு வருஷத்து வித்தியாசத்தை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டுவது வழக்கமாதலால், அவருக்கு முந்திக்கொண்டேன். வெள்ளி, பொன், பவளம் என்று உலோகத்தாலும் மணியாலும் ஆண்டுகளை அளக்கும் கணக்கு நமக்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நம்முடைய பழைய கணக்கு அறுபது வருஷத்தில் சுற்றி வருவது. பிறந்த வருஷம் பெயர் மாறாமல் மீண்டும் வரும்போது கிழவனையும் கிழவியையும் மணையில் உட்காரவைத்துத் தாலிகட்டச் சொல்வோம். சுதந்திரம் பிறந்த சர்வசித்து வருஷம் 2007 இலும், குடியரசு பிறந்த விரோதி வருஷம் 2009 இலும் திரும்பி வந்தன. தேசத்திற்கு ஷஷ்டியப்தபூர்த்தி செய்ய வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மக்களாட்சிக்கு விரோதி என்ற பெயருள்ள வருஷம் வாய்த்ததைப் பற்றிப் பஞ்சாங்கக்காரர்களைக் கேட்பதற்கும் இப்போது நேரமில்லை.

இரண்டு தேசிய நாட்களில் என் மனம் ஜனவரி 26 இன் பக்கமே சாய்கிறது. ஆகஸ்ட் 15 என்ற தேதியைத் தெரிந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன். 1945 இல் ஜப்பான் சரணடைந்த நாள் அது, தென்கிழக்காசியப் படைகளின் தலைவராயிருந்த அவருக்கு இனிக்கும் நாள். ஆகவே நம்முடைய சுதந்திரம் இன்னொருவருடைய ஞாபகார்த்த தினத்தில் குடியேறியது என்று சொன்னால் பிழையாகாது. ஜனவரி 26 அப்படிப்பட்டதன்று. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ் பூரண சுயராஜ்யமே லட்சியமென்று தீர்மானித்து, 1930 ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமையன்று நாடெங்கும் ஜனங்கள் கூடிப் பிரதிக்ஞை எடுத்துக்கொள்ளும்படி செய்தது. கையில் ஒன்றுமில்லாத காலத்தில், கிடைக்குமென்ற நிச்சயமும் இல்லாத காலத்தில், வாயால் மட்டும் செய்துகொண்ட சங்கற்பம் அது. பதினேழு வருஷம் வரையில் அந்த நாளையே சுதந்திர தினமென்று கொண்டாடிவந்தவர்கள், ஆகஸ்ட் 15 வந்ததும் பழைய நாளை அநாதையாக விட்டுவிடக் கூடாதென்று நினைத்தார்கள். அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 ஆம் தேதியே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், குடியுரிமை போன்ற சில பிரிவுகள் நீங்கலாக, அது அமலுக்கு வருவதை இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். இருபது வருஷத்திற்கு முன் வாயால் சொன்ன வார்த்தைக்குப் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக ஒரு தேசத்தின் சாசனம் இரண்டு மாதம் வாசலில் காத்து நின்றது என்பது எனக்கு இன்றும் நெஞ்சைத் தொடும் விஷயமாயிருக்கிறது. 1950 இல் அந்த நாள் காலை 10 மணி 18 நிமிஷத்திற்கு, தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, கவர்னர் ஜெனரல் என்ற தம் பதவியே இல்லாமற்போகும் பிரகடனத்தைத் தாமே வாசித்துவிட்டு, ராஜேந்திர பிரசாத்துக்கு இடம் விட்டார்.

1932 இல், இதே ஜனவரி 25 ஆம் தேதி இரவில், ஆர்யா என்று பின்னாளில் பெயர் பெற்ற பாஷ்யம் என்னும் இளைஞர் சென்னைக் கோட்டைக்குள் நுழைந்து, அங்குள்ள உயர்ந்த கொடிமரத்தில் ஏறி, 26 ஆம் தேதி விடியும்போது மூவர்ணக் கொடி பறக்கும்படி செய்துவிட்டார். இந்தக் கதையை என் தகப்பனார் ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். கொடிமரத்தின் உயரம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும்.

எனக்கும் ஒரு கொடிமரக் கதை உண்டு. நான் நடுநிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு குடியரசு தினத்தன்று, உச்சியில் கட்டியிருந்த கொடியின் சுருக்கு அவிழவில்லை. பிரமுகர் இழுத்தார்; தலைமையாசிரியர் இழுத்தார்; டிரில் வாத்தியார் தம் முழு பலத்தையும் காட்டி இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. அப்பொழுது, ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த என் வகுப்புத் தோழன், யாரையும் கேட்காமல் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புளியமரத்தில் ஏறுவதுபோல அந்த வழுக்கும் கம்பத்தில் ஏறி, ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் முடிச்சை அவிழ்த்துவிட்டான். உள்ளே மடித்து வைத்திருந்த சாமந்தியும் ரோஜா இதழும் பிரமுகர் தலையில் விழவில்லை. அவன் தலையில்தான் விழுந்தன. கீழே இறங்கியதும் அவனுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய் அதிகமாகக் கிடைத்ததோடு, முன் அனுமதியின்றி ஏறியதற்காக இரண்டு அடியும் கிடைத்தது. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. சாமை அறுப்புக்கு நின்றுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் ஆயாவுக்குத் தேதிகள் தெரியா, திதிகள் தெரியும். செத்துப்போனவர்கள் ஒவ்வொருவருக்கும் எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்று அவள் மனத்தில் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. தகப்பனார் எள்ளும் தண்ணீரும் இறைக்கச் செய்யாற்றில் இறங்கும்போது, கோடையாயிருந்தால் ஆயாவே மணலைக் கையால் வாரி ஊற்றுத் தோண்டிக்கொடுப்பாள். "கடன் பட்டவந்தான்டா குடுக்கணும், ஊர்ல போறவன் குடுக்க முடியுமா" என்பாள். அவள்தான் எனக்கு வல்லாள மகாராஜன் கதையைச் சொன்னவள்.

அண்ணாமலையார் வருஷத்தில் மூன்று முறை மலையை விட்டு ஆறு தேடி வெளியே வருகிறார். தையில் மணலூர்ப்பேட்டைத் தென்பெண்ணைக்கும், ரதசப்தமிக்கு எங்கள் செய்யாற்றுக்கும் வருவது தீர்த்தமாட. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குக் கௌதம நதிக் கரைக்குப் போவதோ வேறு காரியமாக. வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்கப் போகிறார். அரசன் இறந்த செய்தி தை மாதத்தில் அவருக்கு எட்டியதாகவும், கேட்டதும் மேளதாளத்தை நிறுத்திக்கொண்டு திரும்பினதாகவும் ஐதீகம். பிள்ளையில்லாத அரசனுக்கு ஈசனே குழந்தையாகக் கையில் தவழ்ந்து, நானே மகனாயிருந்து உனக்குக் கருமம் செய்வேன் என்று வாக்களித்ததாக அருணாசல புராணத்தில் ஒரு சருக்கமே இருக்கிறது.

சரித்திரம் இவனை ஹொய்சள வம்சத்து மூன்றாம் வீர வல்லாளன் என்கிறது. வடக்கிலிருந்து வந்த படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு வாழ்ந்தவன். மதுரைச் சுல்தானோடு பொருது, எண்பது வயது எட்டிய கிழவனாய், 1342 - 43 வாக்கில் சிறைப்பட்டுக் கொலையுண்டவன். அவனுடைய தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்களென்று, அக்காலத்தில் அங்கு வந்துபோன இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். புராணத்திற்கு மாறாக, சரித்திரத்தில் அவனுக்கு மகனும் உண்டு. விருபாட்ச வல்லாளன் என்று பெயர். 1343 இல் முடிசூடிக்கொண்டவன், சில வருஷங்களுக்குள் சுவடு தெரியாமல் மறைந்துபோனான். அவனோடு வம்சமும் முடிந்தது. பெற்ற மகன் கொடுத்திருக்கக்கூடிய திதி எத்தனை வருஷம் நடந்ததோ! கொடுக்கிறேனென்று வாக்களித்த மகன் ஏறக்குறைய எழுநூறு வருஷமாகக் கொடுத்து வருகிறான். இவற்றில் எது உண்மையென்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கட்டும். யார் கடனைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்கிறானோ அவனே மகன் என்ற ஆயாவின் தீர்ப்பு எனக்குப் போதுமானது. வாய்வார்த்தைக்காக ஒரு சாசனம் இரண்டு மாதம் காத்து நின்றதைப் படித்தபோதெல்லாம் இந்தக் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்தச் சீமையில் கடன் பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனுடைய 34 ஆம் ஆட்சியாண்டில், கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்காகப் பொறித்த எழுத்து அதில் உண்டு; இரண்டு கள்வர்களைக் கடித்ததாம். எசமானன் உருவத்தின் பக்கத்தில் நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. மாமண்டூரிலும் மண்டகப்பட்டிலும் மலையைக் குடைந்து தன் பெயரை நிலைநாட்டிக்கொண்ட பல்லவப் பேரரசனுடைய ஆட்சியாண்டு, இங்கே ஒரு மந்தை நாயின் காவலைக் குறிப்பதற்கும் தேதியாக உதவியிருக்கிறது. நாயின் பெயரைக்கூட விட்டுவிடாமல் எழுதச்சொன்ன அந்த ஊராரை நினைத்தால், அவர்கள் காலத்தில் பிறக்காமற்போனோமே என்று எனக்குச் சற்றுப் பொறாமையாயிருக்கிறது.

கொடிக்கம்பமில்லாத தேதி ஒன்றையும் சொல்லவேண்டும். 2015 ஏப்ரல் 7 ஆம் தேதி விடியற்காலையில், ஆந்திர மாநிலச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்களென்று போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழ்நாட்டுக் கூலிகள். எங்கள் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். தற்காப்பென்று ஒரு தரப்பும், பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்களென்று மறு தரப்பும் சொல்லின. சாமையும் புளியும் தேனும் கொடுக்கும் மலை, ஆடவர்களைக் கூலிக்காக அந்நியக் காட்டுக்கு அனுப்ப நேர்ந்ததைப் பற்றி இரு தரப்புமே அதிகம் பேசவில்லை. பெயர்ப் பட்டியல் வெளியான அன்று, தேநீர்க்கடையில் நின்றபடியே நான் அதை இரண்டு முறை படித்தேன். கம்பத்தில் ஏறிய என் தோழனுடைய பெயர் அதில் இல்லை. பெருமூச்சு விட்டுக் காகிதத்தை மடித்துவைத்த பிறகுதான், அந்த நிம்மதி எவ்வளவு அற்பமானதென்பது எனக்கு உறைத்தது. அவனுக்குப் பிள்ளைகள் இருக்கக்கூடுமென்பதையும் பிறகுதான் நினைத்தேன். அவர்களுடைய பெயர்கள் எனக்குத் தெரியா.

ஒவ்வொரு ஜனவரி 26 இலும் கிராம சபை கூடி வரவுசெலவு படிக்க வேண்டுமென்பது நம் மாநிலத்தின் ஏற்பாடு; கொடி விரித்த கையோடு கணக்கையும் விரிக்கும் இந்த ஏற்பாட்டை, அணிவகுப்புகளையெல்லாம்விட நான் உயர்வாக மதிக்கிறேன். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் நூறு நாள் வேலையும் அங்கே பேசப்படும். மலைவாசி ஒருவன் செத்த தேதியைப் படிப்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

மாசி மகத்துக்குப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போவதாக இருக்கிறேன்; எத்தனையோ முறை கதையாகக் கேட்டதை ஒரு முறையாவது கண்ணால் காண வேண்டும். அதன் பிறகு ஏப்ரல் 7 வரும். அதற்கு எந்தத் திதியென்று பஞ்சாங்கம் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறேன். பங்குனிக் கடைசியில் செய்யாற்றில் தண்ணீர் இராது. மணலைக் கையால் வாரித்தான் ஊற்றுத் தோண்ட வேண்டியிருக்கும்.