சட்டை வித்தே காசு எடுத்தாங்களாம்!

கால்பந்து பற்றி எங்கள் ஹாஸ்டலில் யார் பேச ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிடத்தில் இந்த வசனம் வந்துவிடும். "பெக்காமுக்கு ரியல் மாட்ரிட் கொடுத்த காசை சட்டை வித்தே எடுத்துட்டாங்க மச்சி." சொல்பவன் முகத்தில் ஏதோ எம்பிஏ முடித்த களை வேறு. கேட்பவர்களும் தலையை ஆட்டுவார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் இந்த ஜல்லியை ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

2003-ல் மான்செஸ்டர் யுனைட்டடுக்கு ரியல் மாட்ரிட் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை அதிகபட்சம் 3.5 கோடி யூரோ. கடையில் ஒரு சட்டை 80 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு சட்டை தயாரிக்கும் கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் போய்விடும். கிளப்புக்கு உரிமைத்தொகையாகக் கிடைப்பது பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான். தாராளமாக 15 என்றே போடுவோம். சட்டைக்கு 12 யூரோ. 3.5 கோடியை 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29 லட்சம் சட்டை! அதுவும் அத்தனையும் பெக்காமுக்காகவே கூடுதலாக விற்றிருக்க வேண்டும். ஜிடான் சட்டை வாங்க வந்தவன் மனசு மாறி 23-ஆம் எண் சட்டை வாங்கியிருந்தால் அது கணக்கில் வராது. அவருடைய சம்பளத்தை நான் இன்னும் தொடவே இல்லை.

அப்படியென்றால் காசு எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து வந்தது. ஃப்ளோரன்டீனோ பெரெஸ் 2000-ல் கிளப் தலைவரானபோது தலைக்கு மேல் கடன். மனிதர் அடிப்படையில் கட்டுமானத் தொழில்காரர். நகரத்தின் முக்கியமான சாலையில் இருந்த கிளப்பின் பயிற்சி மைதானத்தை, நில வகைப்பாட்டை மாற்ற வைத்து, 2001-ல் சுமார் 48 கோடி யூரோவுக்கு விற்றார். இன்று அந்த இடத்தில் ஸ்பெயினிலேயே உயரமான நான்கு கட்டடங்கள் நிற்கின்றன. ஃபிகோ, ஜிடான், ரொனால்டோ (பிரேசில்காரர்), பெக்காம் என்று வருஷத்துக்கு ஒரு நட்சத்திரம் வாங்கியதற்குப் பின்னால் இருந்த தெம்பு அதுதான். மைதானத்தை விற்றதைச் சொன்னால் ரியல் எஸ்டேட் ஆகிவிடும், சட்டை விற்றதாகச் சொன்னால் மார்க்கெட்டிங் மேதை ஆகிவிடலாம். எது பிடிக்கும் நமக்கு?

சரி, பெக்காமால் வருமானமே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய வந்தது. ஆனால் வந்த வழி வேறு. கிளப்பில் சேரும் நட்சத்திரங்களின் விளம்பர வருமானத்தில் பாதி கிளப்புக்கு என்பது மாட்ரிட் போட்ட விதி. அதாவது வாங்கியது ஆட்டக்காரனின் வலது காலை மட்டுமல்ல, அவன் முகத்தில் பாதியையும்தான். அவர் சேர்ந்த கோடையிலேயே அணியை விமானத்தில் ஏற்றி பெய்ஜிங், டோக்கியோ, ஹாங்காங், பாங்காக் என்று ஆசியா முழுக்க ஊர்வலம் கூட்டிப்போனார்கள். சீசனுக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் கல்யாண வரவேற்பு மாதிரி போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அதே 2003-ல் மாட்ரிட் அணியில் கிளாட் மக்கெலெலே என்று ஒருவர் இருந்தார். தற்காப்பு நடுக்களம். கோல் போட மாட்டார், தலைமுடி ஸ்டைல் கிடையாது, பெர்ஃப்யூம் விளம்பரத்துக்கு ஆகமாட்டார். எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்கி ஜிடானிடம் கொடுத்துவிட்டு அடுத்த பந்தைப் பிடுங்கப் போய்விடுவார். முன்னால் நான்கு மகாராஜாக்கள் நடை பழகிக்கொண்டிருக்க, பின்னால் மொத்த வீட்டையும் கூட்டிப் பெருக்கியவர். அவர் வாங்கிய சம்பளம் அந்த நட்சத்திரங்கள் வாங்கியதில் ஒரு சிறு பங்கு. கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்றார். மாட்டோம் என்றார்கள். செல்சிக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் விசென்டே டெல் பாஸ்கே கதை இன்னும் மோசம். இரண்டு சாம்பியன்ஸ் லீக், இரண்டு ஸ்பானிஷ் லீக் வாங்கிக் கொடுத்த மனிதரை, இரண்டாவது லீக் பட்டம் கைக்கு வந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? 2003 ஆகஸ்டில் வாங்கிய ஸ்பானிஷ் சூப்பர் கோப்பையோடு சரி. 2007 ஜூன் வரை ஒரு கோப்பை இல்லை. மக்கெலெலே போன செல்சி 2005-லும் 2006-லும் இங்கிலாந்து லீக்கை வென்றது. அவர் ஆடிய இடத்துக்கே அந்த ஊரில் அவர் பெயர் வைத்துவிட்டார்கள். டெல் பாஸ்கே 2010-ல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார்.

"பார்த்தியா, முட்டாள்தனத்துக்குத் தண்டனை கிடைச்சுது" என்று நீங்கள் சந்தோஷப்படுவதற்குள் ஒன்று சொல்கிறேன். கிடைக்கவில்லை! எதையுமே ஜெயிக்காத அந்த 2004-05 சீசனில்தான் ரியல் மாட்ரிட் மான்செஸ்டர் யுனைட்டடை முந்தி, டெலாய்ட் பட்டியலில் உலகிலேயே அதிக வருமானமுள்ள கிளப் ஆனது. 27 கோடி யூரோவுக்கும் மேல். தோற்றுக்கொண்டே முதலிடம். இந்த வியாபாரத்தின் லட்சணமே இதுதான். பந்தைப் பிடுங்குகிறவனுக்குச் சம்பளம் ஏற்றினால் கோப்பை வரும், போஸ் கொடுக்கிறவனுக்கு ஏற்றினால் காசு வரும். எதை ஏற்றுவார்கள்?

"அவன் திறமைக்கு மார்க்கெட் குடுக்குது, உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று உடனே ஒருவன் கிளம்புவான். ஆட்டக்காரர்களின் சம்பளத்தின் மேல் எனக்கு எந்த எரிச்சலும் இல்லை. இங்கிலாந்தில் 1961 வரை வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று முதலாளிகள் சட்டமே வைத்திருந்தார்கள். மைதானம் நிறையும், காசு முதலாளிக்குப் போகும். வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டித்தான் அந்தச் சட்டத்தை உடைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைக்கூட விடாமல் பிடித்து வைத்திருந்த வழக்கம் 1995-ல் போஸ்மன் தீர்ப்பில்தான் ஒழிந்தது. ஓடி ஆடி வியர்வை சிந்துகிறவன் வாங்கட்டும், நன்றாக வாங்கட்டும். நான் பேசுவது முகத்துக்கு வரும் காசைப் பற்றி. சம்பளத்துக்கு வரி பிடித்தம் உண்டு. முகத்துக்கு? முகத்தை ஒரு கம்பெனிக்கு விற்கலாம், அந்தக் கம்பெனியை பெலிஸில் பதிவு செய்யலாம். மெஸ்ஸியின் 2007 முதல் 2009 வரையான விளம்பர வருமானம் அப்படித்தான் பெலிஸ், உருகுவே என்று சுற்றுலா போனது. 41 லட்சம் யூரோ வரி ஏய்ப்பு என்று 2016-ல் தீர்ப்பானது. 21 மாதச் சிறைத் தண்டனை, பிறகு அபராதமாக மாறியது. போர்ச்சுகல் ரொனால்டோ 2019-ல் கிட்டத்தட்ட 1.9 கோடி யூரோ கட்டி, 23 மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே வந்தார். சிரித்துக்கொண்டே ஆட்டோகிராஃப் போட்டார், அதையும் எல்லா சேனலிலும் காட்டினார்கள். மாட்ரிட்டில் பேருந்து ஓட்டுகிறவர் தன் முகத்தை எந்தத் தீவில் பதிவு செய்வார்? சட்டத்தை மீறக்கூட வேண்டாம் என்று 2005-ல் ஸ்பெயின் அரசே ஒரு சலுகை தந்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு 24 சதவீதம் மட்டும் வரி. உள்ளூர்க்காரர்களுக்கு உச்ச விகிதம் அப்போது 45. அந்தச் சட்டத்துக்கு ஊரில் வைத்த பெயரே 'பெக்காம் சட்டம்'. விளையாட்டு வீரர்களை அதிலிருந்து நீக்க 2015 வரை ஆனது.

2007-ல் பெக்காம் அமெரிக்கா போனபோது 'ஐந்து வருடத்துக்கு 25 கோடி டாலர்' என்று தலைப்புச் செய்தி. உண்மையில் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி கொடுத்த சம்பளம் வருஷத்துக்கு 65 லட்சம். மிச்சமெல்லாம் விளம்பரம், சட்டைப் பங்கு, 'வரலாம்' என்று எதிர்பார்த்த காசு. அந்த லீக்கில் அதே வருஷம் கடைநிலை ஆட்டக்காரனுக்கு 13,000 டாலருக்கும் குறைவு. ஒரே புல், ஒரே பந்து, 500 மடங்கு வித்தியாசம்.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பின்னாளில் லீக்கில் ஒரு புது அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று. அதுதான் 2020-ல் ஆடத் தொடங்கிய இன்டர் மயாமி. 2023-ல் சான் டியேகோ அணிக்கு நுழைவுக் கட்டணமாக லீக் வாங்கியது 50 கோடி. அதே ஆண்டு மெஸ்ஸி மயாமிக்கு வந்தார். 2024-ல் ஃபோர்ப்ஸ் அந்த அணியை 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்டது. 13,000 டாலருக்கு ஓடிய அந்தப் பையன்களின் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியை யாரும் எழுதவில்லை.