ஆள் கணக்கும் நாள் கணக்கும்

‘இந்த வயல் எட்டாள் நடவு’ என்று எழுத்தறியா உழவனும் சொல்லுகின்றான். எட்டுப் பேர் ஒரு நாளில் நட்டு முடிக்கும் அளவினது அவ்வயல் என்பது அதன் பொருள். நால்வரே வந்தால் நடவு இரண்டு நாளாகும் என்பதை அவனுக்கு எவரும் பலகையில் எழுதிக் காட்டவில்லை. வேலையை ஆளால் அளக்கும் அறிவு அவன் பேசும் மொழியிலேயே அமைந்து கிடக்கின்றது. அவ்வுழவனின் மகனோ, அதே கணக்கைப் பள்ளியிற் கண்டால் நடுங்குகின்றான். அதன் கரணியம் என்ன?

பள்ளியிலும் தேர்வுக் கையேட்டிலும் அக்கணக்கு வேற்றுக் கோலம் பூண்டு வருகின்றது. ‘நேரம் மற்றும் வேலை’ என்று தலைப்பிடுகின்றனர். நேரமும் வேலையும் என உம்மை கொடுத்துச் சொல்லுவது தமிழ் மரபாக இருக்க, ‘மற்றும்’ என்னும் ஒட்டு ஆங்கிலத்தின் நிழலாக வந்து நிற்கின்றது. வேலை செய்வோரும் முருகனும் வள்ளியும் அல்லர்; ‘ஏ’ என்பவரும் ‘பி’ என்பவருமே. அவ்விருவரும் தனித்தனியே கொள்ளும் நாள்களைப் பெருக்கி, அந்நாள்களின் கூட்டுத் தொகையால் வகுத்தால் விடை வரும் என ஒரு வாய்பாடு தரப்படுகின்றது. ஏன் பெருக்குவது, ஏன் வகுப்பது என்று கற்பிப்பவர் கூறுவதில்லை. கற்பவன் வினவுவதும் இல்லை.

இது சிறு குறையன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுகளில், 200 வினாக்களுள் 25 வினாக்கள் திறனறிவுக்கும் மனக்கணக்குக்கும் உரியவை. காலமும் வேலையும் பற்றிய கணக்கு அப்பாடத்திட்டத்துள் உள்ளது. சிற்றூர்ப் பிள்ளைகள் பெரிதும் நம்பியிருக்கும் தேர்வு அது. ஓரிரு வினாக்களின் வேறுபாட்டில் பணி கிடைப்பதும் கைநழுவுவதும் அமைகின்றன. அங்கே பொருள் விளங்காத வாய்பாட்டை நம்பிச் செல்லும் பிள்ளை, வினா சற்றே திரிந்து வந்தால் திகைத்து நிற்கின்றது.

இக்கணக்கின் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாளில் ஒருவர் முடிக்கும் பங்கு யாது? அதனை அறிந்தால் மற்றவை தாமே வரும். அப்பங்குகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி தமிழ். பள்ளி நூல்கள் பின்னம் என்று கூறுவதைத் தமிழர் கீழ்வாயிலக்கம் என்றனர். அரை, கால், அரைக்கால் என்பன இன்றும் வழக்கிலுள்ளவை. 16இல் ஒரு பங்கு மாகாணி அல்லது வீசம். 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 320இல் ஒரு பங்கு முந்திரி. இருபது மா கொண்டது ஒன்று. ஐந்து மா கொண்டது கால்.

இனிக் கணக்கைக் காண்க. முருகன் ஒரு வேலையை 5 நாளில் முடிப்பான். வள்ளி அதனை 20 நாளில் முடிப்பாள். இருவரும் கூடின் எத்தனை நாள்? முருகன் ஒரு நாளில் முடிப்பது நான்கு மா. வள்ளி முடிப்பது ஒரு மா. கூட்டினால் ஐந்து மா, அஃதாவது கால். நாளொன்றுக்குக் கால் பங்கு முடிந்தால் முழு வேலைக்கு 4 நாள். எழுதுகோல் தொடாமலே விடை வந்துவிட்டது.

நீர்த்தொட்டிக் கணக்கும் இவ்வாறே. ஒரு குழாய் தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும். அடியிலுள்ள ஓட்டை, நிறைந்த தொட்டியை 5 மணி நேரத்தில் வெறுமையாக்கும். மணிக்கு ஐந்து மா வருகின்றது. நான்கு மா போகின்றது. எஞ்சுவது ஒரு மா. எனவே தொட்டி நிறைய 20 மணி நேரமாகும்.

மூன்று, ஏழு, ஒன்பது முதலிய எண்களால் வகுபடும் பங்குகள் இக்கீழ்வாய்க்குள் சரியாக அடங்கமாட்டா என்று சிலர் தடை கூறலாம். அத்தடை மெய்யே, ஆயின் அதற்கும் வழியை உழவனின் ‘எட்டாள் நடவு’ காட்டுகின்றது. வேலையை முன்னரே கூறுகளாக்கிக் கொள்ளுதலே அவ்வழி. ஒருவன் 12 நாளிலும் மற்றொருவன் 18 நாளிலும் முடிக்கும் வேலையை, அவ்விரண்டின் மீச்சிறு பொது மடங்காகிய 36 கூறாகக் கொள்க. முன்னவன் நாளுக்கு 3 கூறும் பின்னவன் 2 கூறும் முடிப்பர். இருவரும் கூடி நாளுக்கு 5 கூறு. 36ஐ 5ஆல் வகுக்க 7 நாளும் நான்கு மாவும். இருவரும் 4 நாள் உழைத்தபின் முன்னவன் நின்றுவிட்டால்? முடிந்தவை 20 கூறு, எஞ்சியவை 16, பின்னவனுக்கு இன்னும் 8 நாள் வேண்டும். பெருக்கி வகுக்கும் வாய்பாடு மட்டும் கற்ற பிள்ளை இவ்விடத்தில் வழியறியாது நிற்கும். கூறறிந்த பிள்ளை தயங்காது செல்லும்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய சிறுவர், கீழ்வாயிலக்க வாய்பாடுகளையும் வாயாரச் சொல்லிப் பழகினர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலமும் பொன்னும் நெல்லும் அளக்கும் முறைகளைச் செய்யுளில் வகுத்துத் தந்தது. உருவாவிற்குப் பதினாறு அணா என இருந்த நாளில், ஓரணா வீசமாக மக்கள் கையில் புழங்கிற்று. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் பதின்ம நாணயம் வந்தபின் அப்புழக்கம் தேய்ந்தது. பதின்ம முறை வேண்டாவென்று எவரும் கூறார். அதன் அருகில் ஓர் இடம் இவற்றுக்கும் இருந்திருக்கலாம். 2019இல் வெளிவந்த ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு, தமிழ்க் கீழ்வாய்க் குறிகளுக்குத் தனியிடம் தந்துள்ளது. கணிப்பொறி ஏற்ற குறிகளைத் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் எத்தனை ஏற்றுள்ளன?

பொருளறிந்து கற்பதனால் பிறிதொரு நன்மையும் உண்டு. கணக்கின் எல்லையும் விளங்கும். நால்வர் 30 நாளில் தோண்டும் கிணற்றை 120 பேர் ஒரே நாளில் தோண்டுவர் என்று வாய்பாடு சொல்லும். நூற்றிருபதின்மர் இறங்கக் கிணற்றில் இடமேது என்று சிந்திக்கும் பிள்ளையே கணக்கறிந்த பிள்ளை. ஆள்கள் ஒத்த திறத்தினர், ஒருவர்க்கொருவர் இடையூறின்றி உழைப்பர் என்று கொண்டே இக்கணக்கு நடைபெறுகின்றது. அதனையும் எடுத்துரைப்பது கற்பிப்போர் கடமை.

எனவே தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிப்போர் வாய்பாட்டைப் பின்னுக்கு வைத்து, ஒரு நாட்பங்கை முன்னுக்கு வைக்க வேண்டும். மா, காணி, வீசம் என்னும் பெயர்களை ஐந்தாம் வகுப்பிலேயே நாவிற் பழக்குதல் நன்று. ‘ஏ’, ‘பி’ இருக்கும் இடங்களில் முருகனும் வள்ளியும் வந்து வேலை செய்யட்டும். அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. நாளைக் காலை முதல் வகுப்பிலேயே, கையிலுள்ள சுண்ணக்கட்டியைக் கொண்டே இதனைத் தொடங்கலாம். பெற்றோரும் மாலையில் தம் மக்களை அருகழைத்து, ‘எட்டாள் நடவுக்கு ஐந்தாள் வந்தால் எத்தனை நாள்?’ என்று வினவலாம். ஒன்றரை நாளும் இருமாவும் என அப்பிள்ளை விடை பகரும் வீட்டில், கணக்கும் தமிழும் ஒருங்கே வாழும்.