பாக்ஸ் போச்சு, ஆப் வந்தது டும் டும் டும்

தி.நகர் உஸ்மான் ரோட்டில் எந்த டிவி கடைக்குள் நுழைந்தாலும் சேல்ஸ் தம்பி 4கே, 8கே என்று அடித்து விடுவார். 8கேவில் பார்க்க என்னப்பா இருக்குன்னு கேட்டால் மட்டும் அடுத்த கஸ்டமரைக் கவனிக்கப் போய்விடுவார். டிவியின் எதிர்காலம் புள்ளிக் கணக்கில் இல்லை, எதற்குக் காசு கொடுக்கணும்னு யார் முடிவு பண்றாங்க என்பதில்தான் இருக்கிறது. இது என் கட்சி.

சாட்சி நம்ம சென்னையேதான் மக்களே. கேபிள் டிவிக்கு சி.ஏ.எஸ். என்று ஒரு சமாச்சாரம் கொண்டு வந்தார்களே, ஞாபகம் இருக்கா? நான்கு பெருநகரங்களுக்கும் போட்ட திட்டம், 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் மட்டும் உருப்படியாக அமலானது. இலவசச் சேனல்களுக்கு மாசம் 72 ரூபாய். கட்டணச் சேனல் வேணும்னா செட்டாப் பாக்ஸ் வாங்கி, கேட்ட சேனலுக்கு மட்டும் காசு. பெரும்பாலான வீடுகள் பாக்ஸ் பக்கமே போகவில்லை. தமிழ்ச் சேனல்கள் அது இல்லாமலே தெரிந்தன, அப்புறம் என்னத்துக்கு? கிரிக்கெட் பைத்தியங்கள்தான் அவஸ்தைப்பட்டார்கள். (நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ். கார்ட்டூன் போன கடுப்பு இன்னும் தீரலை :-) )

என்னைக் கேட்டால் அது ஒரு தீர்ப்பு. தேர்ந்தெடுக்க விட்டால் ஜனங்கள் கொஞ்சமாகத்தான் வாங்குவார்கள். விற்பவர்களுக்கு இது புரியாமலா இருக்கும்? 2019 பிப்ரவரியில் டிராய் மறுபடியும் 'வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு' என்று நாடு முழுக்க விதி போட்டது. 100 சேனல் வரைக்கும் 130 ரூபாய் ப்ளஸ் வரி, கட்டணச் சேனலுக்குத் தனி விலை. உடனே 'பேக்' என்ற பெயரில் பழைய கட்டுச்சோறு வந்து நின்றது.

இப்போ ஆப் காலம். 2023ல் ஜியோசினிமா ஐ.பி.எல்லைச் சும்மா காட்டியது. 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனதும் காசு, இல்லேன்னா ரீசார்ஜோடு சேர்த்து. அதே கட்டுச்சோறு, இலைதான் வேற.

இதில் ஒரு டெக்னிக்கல் கூத்தும் உண்டு. ஒளிபரப்பில் ஒருத்தர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் கோபுரத்திலிருந்து கிளம்புவது ஒரே சிக்னல். ஸ்ட்ரீமிங்கில் ஆளுக்கொரு தனி ஓட்டம். கூட்டம் சேரச் சேர சர்வரும் பைப்பும் பெருக்கணும். போதாததற்குத் தாமதம் வேறு. கீழ்வீட்டு டிஷ்காரர் சிக்ஸருக்குக் கத்தி முடித்த பிறகுதான் என் திரையில் பவுலர் ஓடி வருகிறார்!

என் கவலை பாட்டிகளைப் பற்றியது. மயிலாப்பூரில் என் பாட்டி ஒரு நம்பரை அமுக்கினால் சீரியல் வந்த காலம் போய், ஓடிபிக்கு நான் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார். பெரியவர்களுக்கு டிவிதான் பேச்சுத்துணை. அதைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது எனக்கு முன்னேற்றமாகத் தெரியவில்லை.

மாற்று கைவசம் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாசக் கட்டணமே கிடையாது. 2016ல் தூர்தர்ஷன் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பே ஆரம்பித்தது, சின்ன டாங்கிள் மாட்டினால் போனிலும் தெரியும், டேட்டா வேண்டாம். நாலு பேருக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த ட்யூனரை எல்லா டிவியிலும் போனிலும் கட்டாயமாக்கினால் 8கேவை நான் கேட்கவே மாட்டேன்.

உங்க வீட்டில் கேபிள் இன்னும் இருக்கா? ஆப்புகளையும் சேர்த்து மாசம் எவ்வளவு ஆகுதுன்னு கூட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்.