விடுதிக் கதவின் சாவி யாரிடம்?



சில வாரங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில் என் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் தூத்துக்குடிக்கு அருகில் ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த தந்தை. அங்கே அப்போது முற்பகல். அவருடைய மகள் அமெரிக்காவில் நான் பணியாற்றும் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை பயில்கிறார். வளாக விடுதியில் தங்கியிருக்கிறார். "சாமி, நேத்துலருந்து பிள்ள போன் எடுக்கல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க அங்கனதான இருக்கீங்க, ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றார். குரல் நடுங்கியது.

விடுதி அலுவலகத்தின் இரவுநேர எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பணிவோடு பேசினார். அப்பெயருடைய மாணவி அங்கே தங்கியிருக்கிறாரா என்பதைக்கூட என்னிடம் சொல்லத் தமக்கு அனுமதியில்லை என்றார். ஆனால் உடனே நேரில் சென்று பார்ப்பதாக உறுதியளித்தார். நாற்பது நிமிடம் கழித்து அந்தப் பெண்ணே என்னை அழைத்தார். இரண்டு இரவுகள் கண்விழித்து ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்து உறங்கியிருக்கிறார். "ஃபாதர், நடு ராத்திரியில ரெண்டு பேர் வந்து கதவத் தட்டுறாங்க. மாடி முழுக்க எழுந்து வந்து பாக்குது. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

தந்தையிடம் செய்தியைச் சொன்னபோது அவருக்கு நிம்மதியோடு கோபமும் வந்தது. "பணம் கட்டுறது நான். எம் பிள்ள உசுரோட இருக்காளான்னு எங்கிட்டச் சொல்ல அவங்களுக்கு என்ன சாமி தடை?"

இருவர் கேள்வியும் நியாயமானது என்றே எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பியுள்ள பெற்றோரும், விடுதியில் வாழும் தம்பி தங்கையரும், விடுதிகளை நடத்தும் துறவற சபையினரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் ஒரு கல்லூரியின் ஆண்கள் விடுதிக்கு நான் காப்பாளராக இருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு வெளிவாயிலைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குவேன். என் காலத்தில் விடுதியில் ஒழுங்கு குலையவில்லை என்ற பெருமையும் எனக்கு இருந்தது. ஓர் இரவு மாணவர் ஒருவர் இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு மதிலேறிக் குதித்திருக்கிறார். மதிலின்மேல் பதித்திருந்த கண்ணாடிச் சில்லு முன்கையை ஆழமாகக் கிழித்துவிட்டது. நண்பர்கள் துண்டால் இறுகக் கட்டி, விடியும்வரை அவரை அறையிலேயே படுக்க வைத்திருந்தார்கள். என்னை எழுப்பினால் விடுதியிலிருந்து நீக்கிவிடுவேன் என்ற அச்சம். காலையில் படிக்கட்டில் இரத்தத் துளிகளைக் கண்ட பிறகே எனக்குச் செய்தி தெரிந்தது. அரசு மருத்துவமனையில் தையல் போட்ட மருத்துவர், "ராத்திரியே ஏன் ஃபாதர் கொண்டு வரல?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

அந்த மாணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று ஒன்று எனக்குப் புரிந்தது. நான் அமைத்த பாதுகாப்பு, ஆபத்து நேர்ந்த வேளையில் அந்த மாணவரை என்னிடமிருந்தே ஒளிந்துகொள்ள வைத்தது.

பெற்றோர் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சியை இப்போது சொல்கிறேன். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் பெத்லகேம் நகரிலுள்ள லீஹாய் பல்கலைக்கழகத்தில், ஜீன் கிளெரி என்னும் பத்தொன்பது வயது மாணவி தமது விடுதி அறையில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். கொன்றவர் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர். அந்த விடுதியில் பூட்டு இல்லாமல் இல்லை. தாமாகவே பூட்டிக்கொள்ளும் கதவுகள்தாம் இருந்தன. ஆனால் நண்பர்கள் வந்து போவதற்கு வசதியாக, உள்ளே இருந்த மாணவர்களே பீட்சா அட்டைப் பெட்டிகளை இடையில் செருகிக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்படித் திறந்து கிடந்த மூன்று கதவுகளைக் கடந்துதான் கொலையாளி உள்ளே போனார்.

மகளை இழந்த அந்தப் பெற்றோர் எதைக் கேட்டிருந்தாலும் நாடு தலையசைத்திருக்கும். மாணவிகளை மாலையிலேயே உள்ளே வைத்துப் பூட்டுங்கள் என்று அவர்கள் கேட்டிருக்கலாம். அவர்கள் அதைக் கேட்கவில்லை. அந்த வளாகத்தில் முன்பே வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்பதும், அவை மாணவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் அவர்களுக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. ஆகவே உண்மையை எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். 1988-இல் பென்சில்வேனியாவிலும், 1990-இல் அமெரிக்கா முழுமைக்கும் சட்டம் வந்தது. 1998-இல் அச்சட்டத்திற்கு ஜீன் கிளெரியின் பெயரே சூட்டப்பட்டது.

அச்சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்லூரிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் 1-ஆம் நாளுக்குள் வெளியிட வேண்டும். வளாகக் காவல் துறை இருந்தால் அன்றாடக் குற்றப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தொடரக்கூடிய ஆபத்து என்றால் மாணவர்களைக் காலத்தோடு எச்சரிக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரே, கல்லூரியின் தரவரிசையைப் பார்க்கும் நீங்கள் இந்த ஆண்டறிக்கையை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததுண்டா? இணையத்தில் எவரும் வாசிக்கலாம்.

அந்தத் தந்தை கேட்ட கேள்விக்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, பிள்ளை பதினெட்டு வயதை எட்டினாலோ உயர்கல்வியில் சேர்ந்தாலோ, கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகிறது. ஆயினும் உடல்நலத்திற்கோ உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், கல்லூரி பெற்றோருக்குத் தகவல் தர அதே சட்டம் இடமளிக்கிறது. நாம் அஞ்சுவதுபோல் இது இதயமற்ற சட்டம் அன்று. அன்றிரவு அலுவலர் எனக்குத் தகவல் தரவில்லை. ஆனால் எழுந்து போய்க் கதவைத் தட்டினார். தகவலைக் காப்பதும் உயிரைக் காப்பதும் ஒரே மனிதரால் ஒரே இரவில் இயன்றது.

இந்நாட்டில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960-கள் வரை இங்கும் பல பெண்கள் விடுதிகளில் இரவு நேரக் கட்டுப்பாடும், வெளியே செல்லக் கையெழுத்திடும் ஏடும் இருந்தன. 'பெற்றோரின் இடத்தில் நின்று' என்று பொருள்படும் இலத்தீன் தொடர் ஒன்றே கல்லூரிகளின் அதிகாரத்திற்கு ஆதாரமாக இருந்தது. மாணவர்களே அதை எதிர்த்து நின்று மாற்றினார்கள்.

கண்ணிற்படாத பாதுகாப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு சனவரி 19-ஆம் நாள் அதிகாலையில், நியூஜெர்சியிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான சீட்டன் ஹாலின் போலண்ட் ஹால் விடுதியில் தீப்பற்றி, மாணவர் மூவர் இறந்தனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். எச்சரிக்கை மணி ஒலிக்கத்தான் செய்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பொய்யாகப் பலமுறை ஒலித்திருந்ததால், பலர் அதைப் பொருட்படுத்தாமல் படுத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தானாக நீர் தெளித்துத் தீயை அணைக்கும் அமைப்பு இல்லை. அதே ஆண்டில் நியூஜெர்சி, எல்லா மாணவர் விடுதிகளிலும் அதைப் பொருத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கூரையிலிருக்கும் நீர்த்தெளிப்பான் எவரையும் வேவு பார்ப்பதில்லை; எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்பதுமில்லை. ஆனாலும் உயிரைக் காக்கிறது. என் தலையணைக்கு அடியில் இருந்த சாவியோ, தீப்பிடித்திருந்தால் அத்தனை பேரையும் உள்ளே வைத்துக் கொன்றிருக்கும். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆகவே விடுதியில் எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இது ஆபத்தைக் கண்காணிக்கிறதா, பிள்ளையைக் கண்காணிக்கிறதா? வெளிவாயிலில் உள்ள கேமரா அந்நியரைக் காண்பதற்காக. அதை நான் ஆதரிக்கிறேன். அறைகளை நோக்கித் திருப்பிய கேமரா மாணவரைக் காண்பதற்காக. அதை ஏற்க இயலாது. அடையாள அட்டை காட்டித் திறக்கும் கதவு நல்லது. ஆனால் யார் எப்போது வந்தார் என்ற பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று எழுதி வைக்காத விடுதியில், அந்தக் கதவே ஒற்றனாகிவிடும். மாணவர் இல்லாத வேளையில் பெட்டியைத் திறந்து பார்க்கும் காப்பாளர் (நானும் அதைச் செய்தவன்தான்) ஒரு பொருளைக் கண்டெடுக்கலாம். அந்த மாணவரின் நம்பிக்கையை இழந்துவிடுவார். பின்னொரு நாள் அந்த மாணவர் உண்மையான துன்பத்தில் இருக்கும்போது அவரிடம் வந்து வாய் திறக்க மாட்டார்.

"ஃபாதர், இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, நம் ஊர்ச் சாலை வேறு" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். பெண்பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் ஊர் முதலில் அவளையே குற்றம் சொல்லும் என்பதும், அடுத்ததாகக் காப்பாளரின் வேலை போகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நம் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு 9.30 மணிக்கு விடுதியை அடைப்பதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. அவ்வாண்டு டிசம்பரில், ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் ஒரே விதி என்று மாநில அரசு ஆணையிட்டது. நோயாளிகளை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு வளர்ந்த பெண்ணை, ஒன்பதரை மணிக்கு மேல் நூலகத்திற்குச் செல்ல நம்பமாட்டோம் என்பது என்ன நியாயம்? சாலை இருண்டிருந்தால் விளக்குப் போடுவோம். பேருந்து நிறுத்தம் தொலைவில் இருந்தால் விடுதி வண்டியை அனுப்புவோம். தொல்லை தருபவர் மீது புகார் கொடுக்கத் துணை நிற்போம். இவற்றுக்குப் பணமும் உழைப்பும் வேண்டும், பூட்டு மலிவானது. நாம் பல நேரம் பூட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த மலிவும் ஒரு காரணம் என்பதை நேர்மையோடு ஒத்துக்கொள்வோம்.

தம்பி தங்கையரே, உங்களுக்கும் ஒரு சொல். சுதந்திரம் வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே வேளையில், அந்த மூன்று கதவுகளைத் திறந்து வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகளே. பின்னால் வருகிறவர் யாரென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்களுக்கு மரியாதையாகத் தோன்றலாம். ஆனால் அக்கதவு உங்களுக்கு மட்டும் உரியதன்று. உள்ளே உறங்கும் அத்தனை பேருக்கும் உரியது. விளையாட்டுக்குத் தீ மணியை அடிப்பதும் அப்படித்தான். விடுதி விதிகளை வகுக்கும் குழுவில் உங்களுக்கும் இடம் கேளுங்கள். தாம் சேர்ந்து வகுத்த விதியை மாணவர்கள் எளிதில் மீறுவதில்லை என்பது என் அனுபவம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலியை அவருக்குத் தெரியாமல் நிறுவாதீர்கள். தெரிந்த நாளில் கைப்பேசியை அறையில் வைத்துவிட்டு வெளியே போவார். உண்மையான ஆபத்தின்போது அது தவறான இடத்தைக் காட்டும். அதற்குப் பதிலாகப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்.

அந்தத் தந்தையும் மகளும் அதைத்தான் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து மூவரும் காணொலியில் பேசினோம். முதல் பத்து நிமிடம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மகள் இரண்டு தோழியரின் எண்களைத் தந்தையிடம் கொடுத்தார். இனி நீண்ட உறக்கத்திற்கு முன் ஒரு வரிச் செய்தி அனுப்புவதாகவும் சொன்னார். தந்தை தம் பங்குக்கு, ஒரு முழுநாள் பதில் வராவிட்டால் முதலில் தோழியரிடமே கேட்பதாகவும், அதன் பின்னரே பல்கலைக்கழகத்தை நாடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

முடிக்கும்போது அவர், "அப்போ ராத்திரி எத்தன மணிக்கு ரூமுக்கு வர்றேன்னு மட்டும் தினம் சொல்லிரும்மா" என்றார். மகள் சிரித்துவிட்டு, "அது மட்டும் முடியாதுப்பா" என்றார். சற்று நேரம் மௌனம். "சரி, விடு" என்றார் தந்தை. அந்த இரண்டு சொற்களைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைத் திரையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அறிவேன்.

உங்கள் விடுதி அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். காப்பாளர்களாகப் பணியாற்றுவோரும் எழுதுங்கள். உங்கள் அச்சங்களையும் நாங்கள் கேட்க வேண்டும்.

அன்புடனும் செபத்துடனும்.