துருவினும் கொடியது அவசரம்



2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது. அத்தகைய வெள்ளம் வடிந்ததும் பாயும் பாத்திரமும் வெயிலுக்கு வருகின்றன. மூலையில் சேறு பூசி நிற்கும் தையல் இயந்திரத்தை மட்டும், "இனி இது பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று கைவிட்டு விடுகின்றோம். அதனை மிதித்தே பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு அது வெறும் இரும்பன்று. அவ்வீட்டின் அடுப்பு எரிவதே அதனால்தான்.

மேலே படிந்த துருவால் இயந்திரம் அழிந்து விடுவதில்லை. இறுகிய சக்கரத்தைப் பலங்கொண்டு சுழற்றும் நம் அவசரமே உறுப்புகளை முறிக்கின்றது.

மின்மோட்டார் இருப்பின் இணைப்புக் கொடுக்காதீர்கள். பழுது பார்ப்பவர் உலர்த்திச் சோதிக்கட்டும். இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு அதனை விரைவுபடுத்தும். ஆகவே, சேறு இறுகுமுன் நல்ல நீரால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். பிறகு எண்ணெய்த் துளைகளிலும் இணைப்புகளிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். இளகவில்லையெனில் மீண்டும் சொட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கழற்றக்கூடிய சிறு இரும்புத் திருகுகளை ஓரிரவு வினிகரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். பின்னர் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் புதுத்துரு படரும். வண்ணம் பூசிய உடற்பகுதியையும் அலுமினிய உறுப்புகளையும் வினிகரில் இடலாகாது. வெள்ளத்துக்குப் பின் வீட்டில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். அதனோடு வினிகர் கலந்தால் நச்சுவாயு எழும். எச்சரிக்கை!

இறுதியாக, மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு இயந்திர எண்ணெய் இடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும், அது வேண்டாம். ஊசியைப் புதிதாக மாற்றி, எண்ணெய்க் கறை நிற்கும் வரை பழந்துணியில் தைத்துப் பாருங்கள்.

வெள்ளம் பாதித்த வீடுகளுக்கு அரிசிப் பை சுமந்து செல்லும் இளைஞர்களே! ஒரு புட்டி இயந்திர எண்ணெயும் கொண்டு செல்லுங்கள். அரிசி சில நாட்களில் தீர்ந்துவிடும். மீண்டும் ஓடும் இயந்திரமோ அவ்வீட்டாரைப் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வைக்கும்.