வேலியில்லாத காட்டில் ஓர் எல்லை

“ஹளரத், சைக்கிள் ஓட்டுவதற்காகவா பின்லாந்து வரை போய் வந்தீர்கள்?” ஊர் திரும்பிய முதல் ஜும்ஆவிலேயே பெரியவர் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். குரலில் கேலி பாதி, வருத்தம் பாதி. மத்ரஸாவில் நேரத்தின் அருமையைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன் நான். எனவே அவர் கேட்டதில் தவறில்லை.

நான் சென்றது அகீகாவுக்காக. என் சகோதரியின் மகன் அந்நாட்டின் தென்கிழக்கே லாப்பேன்ரந்தா நகரில் பணிபுரிகிறான். சைக்கிள் ஓட்டியது இரண்டே நாள்கள். ஆயினும் அந்த இரண்டு நாள்களைப் பற்றியே எழுதத் தோன்றுகிறது. நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்கிறார்கள். காட்டுக்குள் சரளைச்சாலைகளில் சைக்கிளில் செல்லும் பழக்கம் அவர்களில் சிலரையும் பற்றிக்கொண்டிருக்கிறது. இது வீண் விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். எப்படிப் போவது என்பதில்தான் எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

நாங்கள் சென்றது சைமா ஏரியை அடுத்த பூமலா பகுதி. சைமா பின்லாந்தின் மிகப்பெரிய ஏரி. ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். ஒரே நீர்ப்பரப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பல்லாயிரம் தீவுகளும் குடாக்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது கரை எது தீவு என்று கண் தடுமாறும். பனியுகத்தின் இறுதியில் உருகி ஓடிய பனிப்பாறைகள் மணலையும் சரளையையும் நீண்ட மேடுகளாக விட்டுச் சென்றன. அந்தச் சரளையே சாலைகளுக்கும் பயன்படுகிறது. நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. மரம் வெட்டி எடுத்துவருவதற்காகப் போடப்பட்ட சாலைகள் அதனுள் நரம்புகள் போல ஓடுகின்றன. வாகன நடமாட்டம் அரிது. இருபுறமும் பைனும் பிர்ச்சும். ஒரு வளைவு திரும்பினால் நீர். அடுத்த வளைவில் மீண்டும் காடு.

இதற்கென்றே உள்ள சைக்கிளின் டயர் 40 மில்லிமீட்டருக்கும் கூடுதலான அகலம். காற்றைச் சற்றுக் குறைத்தே அடிக்கிறார்கள், இல்லையேல் கற்கள் எலும்பு வரை பேசும். சில இடங்களில் சாலை துணி துவைக்கும் பலகை போல அலையலையாக இருந்தது. அதற்குப் பின்னிஷ் மொழியில் ‘நிமிஸ்மியெஸின் சுருள்முடி’ என்று பெயராம். நிமிஸ்மியெஸ் என்பவர் அக்காலத்து வட்டார அதிகாரி. சாலைகளின் பராமரிப்பைக் கண்காணிப்பது அவர் பொறுப்பு. பள்ளத்தில் குலுங்கிய மக்கள் அவர் பெயரைச் சாலைக்கே வைத்துவிட்டார்கள்! நம் ஊர்ச் சாலைகளுக்கு இப்படிப் பெயர் வைக்கத் தொடங்கினால் எங்கு போய் முடியுமோ தெரியவில்லை.

ஒளூவுக்கு நீரைத் தேட வேண்டிய நிலையே வரவில்லை. கிப்லா மட்டும் என்னை முதலில் தடுமாறச் செய்தது. வாழ்நாளெல்லாம் மேற்கு நோக்கித் தொழுத உடல், அங்கே தெற்கிலிருந்து சற்றே கிழக்காகத் திரும்ப வேண்டியிருந்தது.

முதல் நாள் லுஹருக்குச் சாலையோரம் அகலமாகத் தெரிந்த ஓரிடத்தில் விரிப்பை விரித்தோம். அது லாரிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதற்கென அமைத்த இடம் என்பது, மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்ற பிறகே விளங்கியது. அந்நாட்டில் இவ்வகை லாரிகள் சுமையுடன் 76 டன் வரை செல்லலாம். ஓட்டுநர் ஒலி எழுப்பவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நாங்கள் ஸலாம் கொடுக்கும்வரை காத்திருந்தார். வழியில் தொழுவது மக்ரூஹ் என்று எத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன்! அன்று வெட்கத்துடன் கையசைத்து நன்றி சொன்னேன்.

அந்நாட்டில் ‘எல்லாருக்குமான உரிமை’ என்றொரு வழக்கம் உண்டு. காடு யாருடையதாயினும் எவரும் நடக்கலாம், சைக்கிளில் செல்லலாம், காட்டுப்பழங்களும் காளான்களும் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் அடிக்கலாம். குடியுரிமை கேட்பதில்லை, கட்டணம் இல்லை. இதனை முழுமையாக வகுத்துரைக்கும் தனிச்சட்டம் என்று ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கமே அடிப்படை. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழி என் நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே நெருப்பு மட்டும் பொதுவில் இல்லை. நிலத்துக்குரியவரின் அனுமதியின்றித் திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது. காட்டுத்தீ எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் அனுமதி இருந்தாலும் கூடாது. காய்ந்த பாசிமண்ணில் தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்பது அம்மக்களுக்குத் தெரியும்.

இந்த உரிமை வீட்டு முற்றத்தில் முடிந்துவிடுகிறது. அங்கேதான் நாங்கள் தவறினோம்.

இரண்டாம் நாள் பிற்பகல். கைப்பேசிச் செயலி காட்டிய தடம் சிறிய சாலையொன்றில் சென்று, ஏரிக்கரை வீடொன்றின் முன் வந்து நின்றது. சுற்றுச்சுவர் இல்லை, வேலி இல்லை, பலகை இல்லை. ஒரு சவுனா அறை, கவிழ்த்து வைத்த படகு, கொடியில் துணிகள். முற்றத்துக்கு அப்பால் மறுபடியும் சாலை தெரிந்தது.

“மாமா, செயலியில் வழி இருக்கிறது. முப்பது அடிதானே” என்றான் மருமகன்.

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, களைத்திருந்தேன். அவன் பின்னால் நானும் சென்றேன். பாதி முற்றம் கடந்தபோது, சவுனாவின் பின்னாலிருந்து தலையில் துண்டு சுற்றிய மூதாட்டி ஒருவர் வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றார். திட்டவில்லை. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, மேலங்கியை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு செய்கையே எனக்குப் போதுமானதாக இருந்தது. மருமகன் அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்டான். அவர் வந்த வழியையே சுட்டிக்காட்டினார். திரும்பினோம், நான்கு கிலோமீட்டர் சுற்று.

பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமல் நுழையாதீர்கள் என்றும், திரும்பிப் போங்கள் எனப்பட்டால் திரும்பிவிடுங்கள் என்றும் ஸூரத்துந் நூர் கற்பிக்கிறது. அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று ஹதீஸ் விளக்குகிறது. ஆண்டுதோறும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதை நான் நடத்துகிறேன். பாடத்தில் எப்போதும் ஒரு கதவு இருக்கும், அதைத் தட்டுவோம். கதவும் சுவரும் இல்லாத இடத்தில் முற்றம் எங்கே தொடங்குகிறது என்று நான் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. கொடியில் காயும் துணிதான் அங்கே கதவு.

செயலிகளின்மீது எனக்குள்ள குறை இதுதான். ஒருவன் தெரியாமல் கடந்த தடம் திரையில் கோடாகிறது. பத்துப்பேர் கடந்தால் கோடு தடிக்கிறது. பதினோராமவன் அதைச் சாலை என்றே நம்புகிறான். அந்நாட்டு நில அளவைத் துறையின் வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வீடுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. முந்தைய இரவு கால் மணி நேரம் அதைப் பார்த்திருந்தால் அந்த மூதாட்டியின் பிற்பகல் கெட்டிருக்காது.

அப்படியானால் பலகை வைத்த வழித்தடங்களில் மட்டும் செல்வதுதானே நல்லது என்று மருமகனின் நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. பயன்படுத்தாத உரிமை சிறுகச் சிறுக இல்லாமல் போகும். முறைகேடாகப் பயன்படுத்தினால் அதைவிட விரைவில் போகும். இந்தச் சாலைகள் பெரும்பாலும் அரசுடையவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சாலையோர நிலத்துக்காரர்கள் ‘தியெகுந்தா’ என்ற சங்கமாகச் சேர்ந்து, தம் பணத்தில் சரளை கொட்டிச் சமன் செய்கிறார்கள். கோடையில் புழுதி அடங்குவதற்கு உப்புத் தெளிக்கிறார்கள். பனி உருகும் வசந்தத்தில் சாலை களியாகிவிடும்; அப்போது நாம் பதிக்கும் தடம் காய்ந்த பின்னும் நிற்கும். அந்தச் சில வாரங்கள் ஒதுங்கியிருப்பது விருந்தினனுக்கு அழகு. வழியிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அறிந்த நாமே தொல்லையாகிவிடக் கூடாதல்லவா?

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மருமகனும் நண்பர்களும் அடுத்த கோடையில் முப்பது இளைஞர்களை அதே காட்டுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இருவர் கடப்பதும் முப்பதுபேர் கடப்பதும் ஒன்றல்ல. ஆறு ஆறு பேராகப் பிரிந்து செல்லுங்கள், சாலைச் சங்கத்துக்கு முன்னதாகவே எழுதிக் கேளுங்கள், பராமரிப்புக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள் என்று சொன்னேன். “சட்டப்படி தேவையா மாமா?” என்றான். சட்டத்தை நீ விசாரித்துக்கொள், அந்த மூதாட்டிக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம் என்றேன்.

அன்றைய தடத்தைச் செயலியிலிருந்து அவன் அழித்துவிட்டான். சங்கத்துக்குக் கடிதமும் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.