வண்டின் மேல் பழி

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியால் 10 கோடிக்கும் மேற்பட்ட காட்டு மரங்கள் பட்டுப்போயின. பைன் மரங்களைப் பட்டை வண்டுகளே கொன்றன என்பர். அது பாதி உண்மை. நீர் குறையும்போது மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீரிழப்பு குறைகிறது, உணவாக்கமும் குன்றுகிறது, அவ்வாண்டின் வளர்ச்சி வளையம் மெலிகிறது. நலமுள்ள பைன், தன்னைத் துளைக்கும் வண்டைப் பிசின் சுரந்து வெளியே தள்ளிவிடும். வாடிய மரத்திற்கு அவ்வலிமை ஏது?

வறட்சியை மட்டும் குறைகூறுவதும் முறையன்று. முன்பு அடிக்கடி எழுந்த சிறு தீ, இளமரங்களை எரித்து இடைவெளி தந்தது. அதனை ஏறத்தாழ நூறாண்டுகள் அணைத்தே வந்ததால் காடு மிகையாக நெருங்கிற்று. இருந்த சிறிதளவு நீருக்கும் போட்டி மிகுந்தது. மரங்களை எண்ணிக் காட்டின் வளத்தை அளப்போர் இதனைக் கருத வேண்டும். இன்று அங்கே வனத்துறையினரே அளவறிந்து தீ மூட்டுகின்றனர்.